எதில் கட்டினால் பிற்பாடு வருத்தப்பட மாட்டேன்?

கேள்வி: வணக்கம் சார். 14 வருடமாக வயலின் பழுது பார்த்து வருகிறேன். ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவது என்றுதான் இதுவரை வேலை நடக்கிறது. இப்போது எனக்கென்று ஒரு வெப்சைட் வேண்டும் என்று ஆசை. மிஞ்சிப்போனால் ஆறு பக்கம். நான் யார், என்னென்ன வேலை செய்கிறேன், பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், தொடர்பு கொள்ளும் வழி, அப்புறம் வயலின் பராமரிப்பு பற்றி மாதம் ஒரு கட்டுரை. தமிழில்தான் எழுதுவேன். அண்ணன் மகன் ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க சர்வரில் இடம், வாங்கி வேர்ட்பிரஸ் போடச் சொல்கிறான். தோழி விக்ஸ் போதும் என்கிறாள். நான் படித்த கம்ப்யூட்டர் வகுப்பில் ட்ரீம்வீவர் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மாதமாக மூன்றையும் திறந்து திறந்து மூடுகிறேன், முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. கோட் தெரியாது. வாரம் ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். எதில் கட்டினால் பிற்பாடு வருத்தப்பட மாட்டேன்?

பதில்: வணக்கம். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். உங்களுக்கு வேர்ட்பிரஸ்தான் சரி, ஆனால் அண்ணன் மகன் சொல்லும் வழியில் வேண்டாம். சர்வர், அப்டேட், பேக்கப் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் வேர்ட்பிரஸ் டாட் காம் போன்ற இடத்தில், பணம் கட்டும் திட்டம் ஒன்றில், உங்கள் பெயரில் நீங்களே வாங்கிய டொமைனோடு, அதாவது வலை முகவரியோடு, கட்டுங்கள். இலவசத் திட்டத்தில் அவர்களுடைய பெயர் ஒட்டிய முகவரிதான் கிடைக்கும், விளம்பரமும் வரும், அது பழகிப் பார்க்க மட்டும்.

நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை 'பிற்பாடு'. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் எது அழகாக இருக்கும், எது சீக்கிரம் முடியும் என்றுதான் கேட்பார்கள். முதல் நாள் எல்லாக் கருவியும் அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் டெம்ப்ளேட்டில் இருக்கும் படங்கள் கைதேர்ந்த போட்டோகிராபர்கள் எடுத்தவை, அதிலுள்ள வாசகங்கள் அந்த இடத்துக்கென்றே அளந்து வைத்தவை. உங்கள் படமும் உங்கள் எழுத்தும் போய் உட்கார்ந்த பிறகுதான் அந்த டெம்ப்ளேட் தாங்குமா தாங்காதா என்று தெரியும். தளத்தைக் கட்ட சில வாரம் போதும். அதற்குப் பிறகு வருடக்கணக்காக அதை நீங்கள்தான் வைத்துப் பார்த்துக்கொள்ளப்போகிறீர்கள். அதனால் எந்த சாஃப்ட்வேரையும் நான் இரண்டே விஷயத்தில்தான் சோதித்துப் பார்ப்பேன். மாதம் ஒரு முறை வந்து ஒரு சின்ன மாற்றம் செய்ய அது விடுகிறதா? நாளைக்கு வேறு இடம் போக வேண்டும் என்றால் என் சரக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப விடுகிறதா?

முதல் சோதனையை இப்படிச் செய்து பாருங்கள், எப்போது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் சமீபத்தில் சரிசெய்த ஒரு வயலினின் படம் போனில் இருக்கும் இல்லையா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் கருவியில் காலிப் பக்கம் ஒன்று திறந்து, அந்தப் படத்தை ஏற்றி, கீழே 'மேல்பலகையில் விரிசல், குதிரை (தந்தி தாங்கும் கட்டை) புதிதாகப் பொருத்தப்பட்டது' என்று இரண்டு வரி எழுதி, வெளியிட்டு, உங்கள் போனில் திறந்து பாருங்கள். முதல் தடவை அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு பத்து நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். பத்தாவது நாள் எந்தக் குறிப்பும் பார்க்காமல் இன்னொரு படத்தை அதே மாதிரி ஏற்றுங்கள். அன்றைக்கும் எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று தேடித் தடவினால் அந்தக் கருவி உங்களுக்கு ஒத்துவராது, அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் சரி. தினமும் அதில் வேலை செய்கிறவர்களுக்குக் கை பழகிவிடும். உங்களைப் போல மாதம் ஒருமுறை வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான், ஆகவே மறந்துபோன பிறகும் வழி தெரிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் தளமே படங்களால் ஆனது. இன்றைய போனில் எடுக்கும் படம் 4000 பிக்சல் அகலத்தில், பல எம்பி கனத்தில் இருக்கும். தளத்தில் பெரிதாகத் தெரிய 1600 பிக்சல் அகலம் தாராளம், 300 கேபிக்குள் அடக்கிவிடலாம். வேர்ட்பிரஸ் நீங்கள் ஏற்றும் ஒரு படத்திலிருந்து சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளைத் தானே தயாரித்து வைத்துக்கொள்ளும், 2019-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலைத் தாண்டிய படத்தைத் தானே சுருக்கியும் விடும். இருந்தாலும் ஏற்றும் முன்பே நீங்கள் சுருக்கிவிடுவது நல்ல பழக்கம். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பெரிய பொருள் 2.5 நொடிக்குள் வந்து சேர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். உங்கள் பக்கத்தில் அந்தப் பெரிய பொருள் வயலின் படம்தான், அதனால் வேகம் என்பது உங்களைப் பொறுத்தவரை படத்தின் கனம்தான்.

இரண்டாவது சோதனையை யாரும் செய்வதில்லை, எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். கருவிகள் நிற்கும் என்று நம்பித்தான் எல்லோரும் கட்டுகிறோம். ஜியோசிட்டீஸ் 1994-ல் தொடங்கி லட்சக்கணக்கானவர்களுக்கு முதல் வலைப்பக்கம் கொடுத்தது, 2009-ல் மூடிவிட்டார்கள். அடோபி மியூஸ் என்று ஒன்று இருந்தது, கோட் தெரியாத டிசைனர்களுக்கென்றே 2012-ல் வந்தது, 2020-ல் அதற்கான ஆதரவு முடிந்தது. நல்ல கருவிகள்தான், பெரிய நிறுவனங்கள்தான், ஆனால் நிறுவனத்தின் கணக்கு மாறினால் உங்கள் தளத்துக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே பதிவு செய்வதற்கு முன்பே அந்தக் கருவியின் உதவிப் பக்கத்தில் 'எக்ஸ்போர்ட்', அதாவது சரக்கை வெளியே எடுப்பது, என்று தேடிப் படியுங்கள். அதில் எழுதியிருப்பதை விட எழுதாமல் விட்டிருப்பதை கவனியுங்கள்.

விக்ஸை எடுத்துக்கொள்வோம். தோழி சொன்னதில் தப்பில்லை, இழுத்து வைத்து ஒட்டும் வேலைக்கு அது மிகவும் சுலபம். ஆனால் அங்கே கட்டிய பக்கங்களை அப்படியே எடுத்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது, அது அவர்கள் சர்வரில் மட்டும்தான் ஓடும். டொமைனை எடுத்துக்கொண்டு போகலாம், பக்கங்களை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். வழக்கமான எடிட்டரில் ஒரு டெம்ப்ளேட்டைத் தேர்ந்து கட்டிவிட்டால் அதே தளத்துக்கு இன்னொரு டெம்ப்ளேட்டை மாற்றிப் போடவும் முடியாது. ஒரே ஒரு பக்கம், அதுவும் ஒரு வருடத்துக்கு என்றால் நானே விக்ஸைத்தான் சொல்லியிருப்பேன். நீங்களோ மாதம் ஒரு கட்டுரை என்கிறீர்கள். ஐந்து வருடத்தில் 60 கட்டுரை. அதைக் கையால் ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்டுவதை நினைத்துப் பாருங்கள். விக்ஸ் மாதிரியே இன்னொன்றான ஸ்குவேர்ஸ்பேஸ் பார்க்க இன்னும் நேர்த்தி, அது வேர்ட்பிரஸ் படிக்கக்கூடிய கோப்பாகக் கட்டுரைகளை வெளியே தரும், ஆனால் வேலை மாதிரிகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோ பக்கங்கள் அந்தக் கோப்பில் வராது, உங்களுக்கோ அந்த முன்-பின் படங்கள்தான் உயிர். வெப்ஃப்ளோ டிசைனர்களுக்கானது, பெட்டிக்குள் பெட்டி என்று சிந்திக்கப் பழக வேண்டும், வாரம் ஒரு மணி நேரத்தில் அது நடக்காது.

வேர்ட்பிரஸ் 2003-லிருந்து இருக்கிறது, யாரும் எடுத்து ஓட்டலாம் என்ற திறந்த உரிமத்தில் வெளிவருவது. வேர்ட்பிரஸ் டாட் காம் பிடிக்கவில்லை என்றால் எழுதியதை ஒரு கோப்பாக இறக்கி வேறு எந்த ஹோஸ்டிங்கிலும் இன்னொரு வேர்ட்பிரஸில் ஏற்றிவிடலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்புக்குள் படங்கள் இருக்காது, படங்களின் முகவரிகள் மட்டுமே இருக்கும். புது இடத்தில் ஏற்றும்போது 'இணைப்புக் கோப்புகளையும் இறக்கு' என்ற பொருளில் ஒரு டிக் கட்டம் வரும், அதை அழுத்தினால்தான் புதுத் தளம் பழைய தளத்துக்குப் போய் ஒவ்வொரு படமாக எடுத்து வரும். அதாவது பழைய தளம் அந்த நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். முதலில் பழையதை மூடிவிட்டு, பிறகு நிதானமாகப் புதியதில் ஏற்றலாம் என்று நினைத்தவர்கள் எழுத்து மட்டும் வந்து படம் இருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டமாக நிற்பதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

சரி, அண்ணன் மகன் சொல்வது ஏன் வேண்டாம்? அவர் சொல்வதும் நல்ல வழிதான். சொந்த ஹோஸ்டிங்கில் முழுச் சுதந்திரம் உண்டு, செலவும் குறையலாம். ஆனால் வேர்ட்பிரஸில் வரும் பாதுகாப்புத் தொல்லைகளில் பெரும்பகுதி அதன் மூலத்தில் இல்லை, மேலே போடும் பிளகின்கள் என்ற கூடுதல் வசதிகளில்தான். அவற்றை யாராவது தொடர்ந்து அப்டேட் செய்ய வேண்டும், ஒரு அப்டேட் தளத்தைக் கவிழ்த்தால் பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும். தொடர்புப் படிவம்கூட மூல வேர்ட்பிரஸில் கிடையாது, அதற்கும் ஒரு பிளகின் தேடிப் போட வேண்டும். இதையெல்லாம் மூன்று நான்கு வருடத்துக்கு மாதாமாதம் நான் பார்க்கிறேன் அத்தை என்று அவர் பொறுப்பெடுத்தால் தாராளமாக அந்த வழியில் போங்கள். கட்டிக் கொடுப்பதோடு அவர் பங்கு முடியும் என்றால் உங்களுடைய அந்த ஒரு மணி நேரம் முழுக்க அப்டேட்டுக்கே போய்விடும், கட்டுரை எழுத நேரம் மிஞ்சாது.

எந்த வழியானாலும் அவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், பக்கத்தை இழுத்து வைத்துக் கட்டும் பேஜ் பில்டர் பிளகின் எதுவும் தனியாகப் போட வேண்டாம் என்று. வேர்ட்பிரஸ் 2018 டிசம்பரில் 5.0 பதிப்பிலிருந்து பத்தி, படம் என்று துண்டு துண்டாக அடுக்கும் தன்னுடைய பிளாக் எடிட்டரையே கொடுக்கிறது, ஆறு பக்கத்துக்கு அது போதும். சில பில்டர்களை ஒருநாள் நிறுத்திப் பாருங்கள், பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகளும் அவற்றுக்குள் புரியாத குறியீடுகளும் கொட்டிக்கிடக்கும், நடுநடுவே உங்கள் வாக்கியங்கள் மாட்டிக்கொண்டிருக்கும். வேர்ட்பிரஸில் இருக்கிறோம், எங்கும் போகலாம் என்று நினைத்துக்கொண்டே அதற்குள் இன்னொரு பூட்டுப் போட்டுக்கொள்வது போலத்தான் அது.

ட்ரீம்வீவர் பற்றி மரியாதையோடுதான் சொல்ல வேண்டும். 1997-ல் மேக்ரோமீடியா கொண்டுவந்தது, 2005-ல் அந்த நிறுவனத்தையே அடோபி வாங்கியது, என் தலைமுறைக்காரர்கள் பலர் தொழில் கற்றதே அதில்தான். ஆனால் அது கோட் எழுதுகிறவர்களின் மேசை. பக்கத்தை உங்கள் கணினியில் செய்து, சர்வருக்கு ஏற்றி, மாற்ற வேண்டும் என்றால் மறுபடி அதே கணினிக்கு வந்து, மறுபடி ஏற்றி என்று போகும். போனிலிருந்து ஒரு படம் போட வழியில்லை. வகுப்பில் படித்தது வீண் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அங்கே கற்ற தலைப்பு, பத்தி, இணைப்பு போன்ற, வலைப்பக்கங்களின் மொழியான எச்.டி.எம்.எல் அடிப்படை எல்லாக் கருவிக்கும் அடியில் இருப்பது. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் 1991-ல் வைத்த முதல் வலைத்தளத்தின் பிரதி இன்றைய போனிலும் திறக்கிறது, ஏனென்றால் அது வெறும் எச்.டி.எம்.எல். பிளாக் எடிட்டரில் 'தலைப்பு 2' என்று ஒரு பட்டன் பார்க்கும்போது அது எழுத்தைப் பெரிதாக்கும் பட்டன் இல்லை, பக்கத்தின் அமைப்பைச் சொல்வது என்று உங்களுக்குச் சட்டென்று புரியும். படிக்காதவர்களுக்கு அது புரிய நாளாகும்.

இப்போது சாஃப்ட்வேரை விட முக்கியமான ஒன்று, டொமைன். சில வருடங்களுக்கு முன்பு நடனம் கற்றுக்கொடுக்கும் ஒரு டீச்சர் என்னிடம் வந்தார். தளத்தை வேறு ஒருவர் கட்டிக் கொடுத்திருந்தார், டொமைனை அவருடைய கணக்கில், அவருடைய பெயரில் வாங்கியிருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வேலை சுலபமாகட்டும் என்று செய்ததுதான். பிறகு அவர் அந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டார், கணக்கில் இருந்த கார்டு காலாவதியானது, புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் அவர் திறக்காத பெட்டிக்குப் போயின. டொமைன் போனது. டீச்சரின் மெயில் முகவரியும் அதே டொமைனில் இருந்ததால் அதுவும் கூடவே போனது. நான் விஷயத்தில் இறங்கும்போது வேறு யாரோ வாங்கிவிட்டிருந்தார்கள், ஒன்பது வருடமாக மாணவர்களின் பெற்றோர் மனப்பாடமாக வைத்திருந்த முகவரி. அன்றைக்கு என்னால் ஒன்றுமே செய்ய முடியவில்லை.

அதனால் டொமைனை நீங்களே, உங்கள் பெயரில், உங்கள் கார்டில் வாங்குங்கள். தளம் கட்டும் இடத்திலேயே வாங்கலாம், தனியாக ஒரு டொமைன் நிறுவனத்தில் வாங்கி இணைக்கவும் செய்யலாம், நான் தனியாக வாங்கத்தான் சொல்வேன், ஏனென்றால் நாளை தளத்தை மாற்றினாலும் பெயர் அசையாமல் இருக்கும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கவே கூடாது, சாதாரண ஜிமெயில் மாதிரி வேறு ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் டொமைன் விழுந்த அன்று பாஸ்வேர்டை மீட்கும் மெயில் வந்து சேர வழியே இருக்காது. கார்டு மாறினால் அங்கேயும் மாற்ற வேண்டும் என்பதை காலண்டரில் குறித்து வையுங்கள்.

தமிழில் எழுதப்போவதால் தீம், அதாவது தளத்தின் தோற்றத்துக்கான அச்சு, தேர்வில் கூடுதல் கவனம் வேண்டும். டெமோவில் மனதைக் கவரும் எழுத்துரு பெரும்பாலும் லத்தீன் எழுத்துக்கு மட்டுமானது, உங்கள் தமிழ் வந்ததும் அது கைவிட்டுவிடும், பார்க்கிறவர் போனில் என்ன தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதில் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை இவற்றில் ஒன்று கிடைக்கிறதா என்று பாருங்கள். வரி இடைவெளியை 1.7 அளவுக்கு உயர்த்துங்கள், நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொக்கிகள் உண்டு, நெருக்கினால் மூச்சுமுட்டும். தலைப்புகளில் எழுத்து இடைவெளி கூட்டும் அமைப்பு இருந்தால் பூஜ்யமாக்குங்கள், இல்லாவிட்டால் 'கொ' போன்ற எழுத்துகள் துண்டாகப் பிரிந்து நிற்கலாம். மெனுவில் 'தொடர்புகொள்ள' என்று போட்டு போனில் பாருங்கள், பல தீம்கள் அந்த ஒரு வார்த்தையிலேயே உடையும். பராமரிப்புக் குறிப்புகள் ஏதாவது முன்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் முதலில் இன்றைய பொது முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் கந்தல்தான் வரும்.

ஏஐ-யிடம் சொன்னால் தளத்தையே கட்டித் தரும் கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்க அமைப்புக்கு அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அது எழுதித் தரும் வாசகங்களை ஒரு வரி விடாமல் படியுங்கள். இல்லாத அனுபவ வருடங்கள், யாருமே சொல்லாத வாடிக்கையாளர் பாராட்டுகள், நீங்கள் செய்யாத வேலைகள் எல்லாம் மெருகான நடையில் அதில் இருக்கும். 14 வருடம் கையால் சம்பாதித்த நம்பிக்கையை அப்படி ஒரு வரி கெடுத்துவிடக் கூடாது.

ஒரு மாதமாக முதல் பக்கத்தைத் தாண்டாததற்குக் காரணம் சாஃப்ட்வேர் இல்லை என்பது என் எண்ணம். காலி டெம்ப்ளேட் முன்னால் உட்கார்ந்து என்ன எழுதுவது என்று யோசித்தால் யாருக்கும் கை ஓடாது. அடுத்த இரண்டு வாரமும் எந்தக் கருவியையும் திறக்காதீர்கள். முதல் வாரத்து ஒரு மணி நேரத்தில் ஒரு காகிதத்திலோ சாதாரண டாக்குமெண்டிலோ ஆறு பக்கத்துக்கும் உள்ள எழுத்தை எழுதுங்கள். புதிதாக வருகிறவர் போனில் உங்களிடம் என்னென்ன கேட்பார், தந்தி முறுக்கும் பிருடை வழுக்குகிறது, ஒட்டு விட்டுவிட்டது, எத்தனை நாளாகும், நேரில் கொண்டுவர வேண்டுமா என்று, அதற்கு நீங்கள் சொல்லும் பதிலையே எழுதுங்கள், அதைவிடச் சிறந்த வாசகம் கிடையாது. இரண்டாவது வாரம் ஒரு போல்டரில் பத்துப் படம், ஒவ்வொன்றுக்கும் புரியும் பெயர். மூன்றாவது வாரம் வேர்ட்பிரஸ் டாட் காமில் இலவசக் கணக்கு தொடங்கி நான் சொன்ன பத்து நாள் சோதனை. தேறினால் பணம் கட்டுங்கள், டொமைனை இணையுங்கள், எளிமையான ஒரு தீமில் எழுதியதை ஊற்றுங்கள். தொடர்புப் படிவத்தை வேறொருவர் போனிலிருந்து அனுப்பச் சொல்லி உங்களுக்கு வருகிறதா, ஸ்பேமில் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் முகவரியை வெளியே சொல்ல வேண்டும்.

முன்-பின் படங்களுக்கு இன்றிலிருந்தே ஒரு வேலை. வயலின் உங்கள் மேசைக்கு வந்ததும், கை வைப்பதற்கு முன், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே உயரத்தில் போனை வைத்து மூன்று படம் எடுங்கள்: முன்பக்கம் முழுதாக, பின்பக்கம் முழுதாக, விரிசல் இருக்கும் இடம் கிட்டத்தில். உரிமையாளரிடம் படத்தைத் தளத்தில் போடலாமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் அதே மூன்று படம். தளம் தயாராகும்போது உங்கள் கையில் நான்கைந்து ஜோடியாவது சேர்ந்திருக்கும்.